கடல் வண்டல் பாக்டீரியா புதிய சிற்றினமா? டிஒய்ஜிஎஸ் இணையச் சேவை குறித்த ஒரு மதிப்புரை

கடலடி வண்டலிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வகங்களில் அடிக்கடி எழுந்து, எளிதில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தட்டில் வளர்ந்திருப்பது ஏற்கெனவே பெயர் பெற்ற சிற்றினமா, அல்லது இதுவரை எவரும் விவரிக்காததா? இந்தக் கேள்விக்கு ஜீனோமை, அதாவது ஓர் உயிரின் முழு டிஎன்ஏ வரிசையை, அடிப்படையாகக் கொண்டு விடை சொல்லும் இலவச இணையச் சேவைதான் டிஒய்ஜிஎஸ் (டைப் ஸ்ட்ரெயின் ஜீனோம் சர்வர்). டைப் ஸ்ட்ரெயின் என்பது ஒரு சிற்றினத்தின் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்படும் மாதிரி வளர்ப்பு. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலுள்ள டிஎஸ்எம்இசட் என்னும் நுண்ணுயிர்ச் சேமிப்பகம் இதை நடத்துகிறது. மயர்-கோல்ட்ஹாஃப், கோக்கர் ஆகிய இருவரும் 2019-இல் ஆய்விதழில் இதை முறையாக அறிமுகப்படுத்தினார்கள். கடல் வண்டல் பாக்டீரியாக்களோடு வேலை செய்பவர்களின் பார்வையில் இச்சேவை எதைத் தருகிறது, எதைத் தரவில்லை, அதன் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இதே வரிசையில் பயன்படும் ஈஸிபயோகிளவுட் என்ற மரபணுத் தரவுத்தளம், எல்பிஎஸ்என் என்ற பெயர்ப் பட்டியல் ஆகியவற்றைப் பற்றியும் தேவையான இடங்களில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் டிஒய்ஜிஎஸ் தனித்து நிற்கும் கருவி அன்று.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவில்லாமல் கிடைக்கும் வகைப்பாட்டுச் சேவைகளில் இதற்கு நிகரானது வேறில்லை. ஆயினும் அதன் முடிவு அட்டவணையில் வரும் 'புதிய சிற்றினமாக இருக்கக்கூடும்' என்ற வாசகத்தைச் சான்றிதழாக எடுத்துக்கொள்பவர்கள் ஏமாறுவார்கள். அந்த வாசகம் எதை எதனோடு ஒப்பிட்டு வந்தது என்று தெரிந்துகொண்டவருக்குத்தான் இந்தச் சேவை உண்மையில் பயன்படும்.

சேவைக்குள் நுழைவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டிய வேலைகள் சில உள்ளன. வண்டலை மலட்டுக் காற்றோட்டப் பெட்டிக்குள் உலரவிட்டு, லேசாகப் பொடித்து, மலடாக்கப்பட்ட சிறு பஞ்சுக் கட்டையை அதன் மேல் அழுத்தி எடுத்து, கடல்நீரில் தயாரித்த அகார் தட்டின் மேல் வட்டமாக ஒற்றிக்கொண்டே போவது ஆக்டினோமைசீட் என்னும் இழைபோல் வளரும் பாக்டீரியா வகையினரைப் பிடிக்கப் பயன்படும் பழைய முறை. முதல் ஒற்றலில் தட்டு முழுதும் படர்ந்துவிடும். கடைசி ஒற்றல்களில்தான் தனித்தனிக் காலனிகள் தெரியும். பல வாரங்கள் கழித்து அகாருக்குள் வேர்விட்டதுபோல் ஒட்டிக்கொண்ட ஓர் ஆரஞ்சு நிறக் காலனி தோன்றும். ஸ்போர்கள் உருவாக உருவாக அது கரும்பழுப்பாகி, பின்பு கறுத்துவிடும். லூப்பால் எடுக்கப் போனால் வழுக்காது, பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். இக்குணங்கள் எல்லாம் சாலினிஸ்போரா என்ற பேரினத்துக்கு உரியவை. கடல்நீர் இல்லாமல் வளராத இந்தப் பேரினம் கடல் வண்டல் வகைப்பாட்டின் சிக்கல்களை விளக்க மிகப் பொருத்தமானது என்பதால், இம்மதிப்புரை முழுதும் அதையே உரைகல்லாக வைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெனிகல், ஜென்சன் ஆகியோரின் குழு பஹாமாஸ் பகுதி வண்டலில் இவற்றை முதலில் எதிர்கொண்டது. 2005-இல் சாலினிஸ்போரா ட்ரோபிகா, சாலினிஸ்போரா அரெனிகோலா என்னும் இரண்டு சிற்றினங்களோடு பேரினம் முறைப்படி விவரிக்கப்பட்டது. ட்ரோபிகாவிலிருந்து கிடைத்த சாலினோஸ்போரமைடு-ஏ என்ற சேர்மம் செல்லுக்குள் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுக்கும் ஆற்றலுடையது. மாரிசோமிப் என்ற பெயரில் புற்றுநோய்க்கான மருத்துவ ஆய்வுகள் வரை சென்றது. 2013-இல் சாலினிஸ்போரா பசிஃபிகா சேர்ந்தது. 2020-இல் ஒரே கட்டுரையில் மேலும் ஆறு சிற்றினங்கள் பெயர் பெற்றன. இவை ஒன்பதும், பாக்டீரியாக்களை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவில் ஒன்றோடொன்று ஏறத்தாழ 99 சதவீதமும் அதற்கு மேலும் ஒத்திருக்கின்றன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இந்தச் சதவீதம் ஏன் சிக்கலானது என்பதைப் புரிந்துகொள்ள ஈஸிபயோகிளவுடைப் பார்க்க வேண்டும். தென்கொரியாவில் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுன் குழு 2007-இல் ஈஸிடாக்ஸான் என்ற பெயரில் தொடங்கி வளர்த்த தரவுத்தளம் இது. சுமார் 1,500 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள 16எஸ் வரிசையை ஒட்டினால், பெயர் பெற்ற சிற்றினங்களின் டைப் ஸ்ட்ரெயின்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியது எது, ஒற்றுமை எத்தனை சதவீதம், நாம் கொடுத்த வரிசை எவ்வளவு முழுமையானது என்பதைச் சில நொடிகளில் அட்டவணையாகத் தருகிறது. பொதுத் தரவுத்தளங்களில் ஒத்த வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட் கருவியில் பெயரில்லாத, தவறாகப் பெயரிடப்பட்ட வரிசைகள் முன்னால் வந்து நிற்கும் தொல்லை இங்கே பெருமளவு குறைவு. முதல் சல்லடையாக இதைவிட எளிதானது எனக்குத் தெரியவில்லை. தேடுவதற்குப் பயனர் கணக்கு ஒன்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் சல்லடையின் கண் பெரியது. இரண்டு திரிபுகளின் (ஸ்ட்ரெயின்களின்) 16எஸ் ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவை வேறுவேறு சிற்றினங்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். 1994-இல் முன்வைக்கப்பட்ட 97 சதவீத எல்லை பின்னர் இப்படி மேலே நகர்ந்தது. இதன் மறுதலை உண்மையாகாது. 98.7-க்கு மேல் இருப்பதாலேயே இரண்டும் ஒரே சிற்றினம் ஆகிவிடாது. சாலினிஸ்போராவின் ஒன்பது சிற்றினங்களும் அந்த எல்லைக்கு மேலேதான் குவிந்து கிடக்கின்றன. 16எஸ் மட்டுமே கையில் இருந்தால் ஒன்பதையும் ஒன்றாகக் கட்டிவிட நேரும். மாணவர்களின் ஆய்வேடுகளில் '99.2 சதவீதம், ஆகவே இது இன்ன சிற்றினம்' என்று முடித்துவிடும் வாக்கியத்தை இன்றும் காண முடிகிறது. அந்த 'ஆகவே' அங்கே இருக்கக் கூடாது.

டிஒய்ஜிஎஸ்ஸின் வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முன்பெல்லாம் இரண்டு பாக்டீரியாக்களின் டிஎன்ஏவைச் சூடாக்கிப் பிரித்து, மீண்டும் ஒன்றோடொன்று இணையவிட்டு, எத்தனை சதவீதம் இணைகிறது என்று அளந்தார்கள். 70 சதவீதத்துக்குக் குறைந்தால் வேறு சிற்றினம் என்பது 1987-இல் வகுக்கப்பட்ட அளவுகோல். அந்தச் சோதனையை நம்பகமாகச் செய்யத் தெரிந்த ஆய்வகங்கள் உலகிலேயே சிலதான் இருந்தன. ஒவ்வொரு இணைக்கும் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. ஓர் ஆய்வகத்தின் எண் இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒத்துப்போவதும் அரிது. அதே அளவுகோலை ஜீனோம் வரிசைகளிலிருந்து கணக்கிடும் முறையை டிஎஸ்எம்இசட் குழுவினர் உருவாக்கி, முதலில் ஜிஜிடிசி என்ற கணிப்பானாக வெளியிட்டார்கள். அதில் எதை எதனோடு ஒப்பிடுவது என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்க வேண்டும். டிஒய்ஜிஎஸ் அந்தத் தேர்வையும் தானே செய்கிறது என்பதே அதன் பெரிய முன்னேற்றம்.

பயன்படுத்தும் முறை எளிது. நம் ஜீனோம் கோப்பை ஃபாஸ்டா வடிவத்திலோ ஜென்பேங்க் வடிவத்திலோ ஏற்றலாம். பொதுத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருந்தால் அதன் பதிவெண்ணைக் கொடுத்தாலே போதும். மின்னஞ்சல் முகவரியைத் தந்துவிட்டு உலாவியை மூடிவிடலாம்; கணக்கீடு முடிந்ததும் இணைப்பு வந்து சேரும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, சக்திவாய்ந்த கணினியும் வேண்டியதில்லை. இது சிறிய சலுகையன்று. இதற்குப் பெரிய மாற்றான ஜிடிடிபி-டிகே மென்பொருளைச் சொந்தக் கணினியில் ஓட்ட வேண்டுமானால் பெரிய நினைவகமும், மிகப் பெரிய தரவுத்தொகுப்பும், லினக்ஸ் பழக்கமும் தேவை. ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் ஒற்றை மேசைக் கணினியோடு வேலை செய்யும் ஆய்வு மாணவருக்கு டிஒய்ஜிஎஸ்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது.

உள்ளே நடப்பது இதுதான். ஏற்றிய ஜீனோமை முதலில் மாஷ் என்ற விரைவு முறையில் டைப் ஸ்ட்ரெயின்களின் ஜீனோம்களோடு ஒப்பிட்டு மிக நெருங்கியவற்றை எடுத்துக்கொள்கிறது. ஜீனோமுக்குள் இருக்கும் 16எஸ் மரபணுவைப் பிரித்தெடுத்து, அதை வைத்து இன்னொரு வழியிலும் நெருங்கிய 50 டைப் ஸ்ட்ரெயின்களைத் தேடி, அவற்றிலிருந்து மிக அருகிலுள்ள பத்தைத் துல்லியமான கணக்கீட்டால் தேர்கிறது. இப்படி இரண்டு வழிகளில் வந்த தொகுப்பை ஒன்றுசேர்த்து, ஒவ்வோர் இணைக்கும் தூரத்தைக் கணித்து, அதிலிருந்து உறவு மரம் வரைகிறது. ஒவ்வொரு டைப் ஸ்ட்ரெயினையும் மையமாக வைத்து 70 சதவீத ஆரத்துக்குள் வருபவற்றை ஒரே சிற்றினம் என்று குழுவாக்குகிறது. துணைச் சிற்றினத்துக்கு 79 சதவீதம் என்ற எல்லையும் உண்டு.

முடிவுப் பக்கத்தில் என் கண் முதலில் போவது மரத்துக்கு அல்ல, இணை ஒப்பீட்டு அட்டவணைக்கு. அதில் டிஎன்ஏ இணைவுச் சதவீதத்தை மூன்று வாய்பாடுகளால் கணித்த டி0, டி4, டி6 என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றுக்கும் நம்பக இடைவெளி, கடைசியாக ஜி+சி அளவின் (டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் பங்கின்) வேறுபாடு. புதிதாகப் பார்ப்பவர் மூன்று எண்களில் தமக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்ளும் ஆபத்து இங்கே இருக்கிறது. டி0, இரண்டு ஜீனோம்களிலும் பொருந்திய பகுதிகளின் நீளத்தை மொத்த நீளத்தால் வகுத்துக் கிடைப்பது. டி6, பொருந்திய பகுதிகளில் ஒரே மாதிரியான எழுத்துகளை மொத்த நீளத்தால் வகுப்பது. டி4 மட்டும் பொருந்திய பகுதிகளுக்குள்ளேயே ஒற்றுமையைக் கணக்கிடுகிறது. மொத்த நீளத்தைத் தொடுவதில்லை. எனவே துண்டு துண்டாக இருக்கும், சில பகுதிகள் விடுபட்ட வரைவு ஜீனோமை வைத்து டி0-வையும் டி6-ஐயும் பார்த்தால், விடுபட்ட பகுதியெல்லாம் வேற்றுமையாகக் கணக்கில் ஏறி, பழைய சிற்றினம்கூடப் புதியதுபோல் தோற்றமளிக்கும். டி4-ஐத்தான் படிக்க வேண்டும் என்று சேவையே பரிந்துரைக்கிறது. ஆய்வுக் கட்டுரையிலும் அதையே தர வேண்டும்.

ஆனால் மற்ற இரண்டையும் முற்றாக ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. தனியார் நிறுவனம் ஒன்றுக்கு டிஎன்ஏவை அனுப்பி வரிசைப்படுத்திய ஜீனோம் ஒன்று ஒருமுறை வந்து சேர்ந்தது. டி4, நன்கு அறியப்பட்ட ஒரு தரைவாழ் பாக்டீரியாவோடு மிக உயர்ந்த எண்ணைக் காட்டியது. டி0-வோ பாதிக்கும் கீழே கிடந்தது. கோப்பின் மொத்த நீளம் அந்தக் குடும்பத்தில் எவருக்கும் இல்லாத அளவுக்குப் பெரிது. இரண்டு உயிர்களின் டிஎன்ஏ கலந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை: அந்நியத் துண்டுகள் தத்தம் டைப் ஸ்ட்ரெயினோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன, மீதிப் பகுதி எதனோடும் பொருந்தாமல் நீளத்தை மட்டும் கூட்டுகிறது. இதைச் சேவை தானாக எடுத்துச் சொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கலப்படம் கண்டறிவது அதன் பணியன்று. ஜீனோமை ஏற்றும் முன் செக்எம் போன்ற கருவியில் முழுமையும் கலப்படமும் எத்தனை சதவீதம் என்று பார்த்துவிடுவது அவசியம். வகைப்பாட்டுக்குப் பயன்படும் ஜீனோமுக்கு 50 மடங்குக்குக் குறையாத வாசிப்பு ஆழம் (ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்ற அளவு) வேண்டும் என்று 2018-இல் வெளியான குறைந்தபட்சத் தர விதிகள் கூறுகின்றன. வரிசைப்படுத்தும் நிறுவனத்திடம் பேசும்போதே இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சாலினிஸ்போராவை இந்தக் கருவியில் இட்டுப் பார்த்தால் அதன் வலிமை பளிச்சென்று தெரியும். ட்ரோபிகாவின் டைப் ஸ்ட்ரெயினான சிஎன்பி-440-இன் முழு ஜீனோம் 2007-இலிருந்து பொதுவெளியில் இருக்கிறது. சுமார் 52 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒற்றை வட்டக் குரோமோசோம். அதையும் அரெனிகோலாவையும் அருகருகே வைத்தால், 16எஸ் மரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டும் ஜீனோம் மரத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. டி4 எண் 70-க்கு வெகு கீழே இருக்கிறது. 16எஸ் மரத்தையும் ஜீனோம் மரத்தையும் ஒரே பக்கத்தில் மாறிமாறிப் பார்க்க வகைசெய்திருப்பது மிக நல்ல ஏற்பாடு. ஒரே மரபணு சொல்லும் உறவுக்கும் முழு ஜீனோம் சொல்லும் உறவுக்கும் உள்ள இடைவெளியை வகுப்பில் எத்தனை மணி நேரம் விளக்கினாலும் புரியாத மாணவருக்கு, இந்த இரண்டு படங்களும் சில நிமிடங்களில் புரியவைத்துவிடும். மரத்தின் கிளை முனைகளில் சிற்றினக் குழு, ஜி+சி அளவு, ஜீனோம் நீளம், புரதங்களின் எண்ணிக்கை ஆகியவை வண்ணக் கட்டங்களாக வருகின்றன. படத்தை எஸ்விஜி கோப்பாகவும் மரத்தை நியூவிக் வடிவத்திலும் இறக்கிக்கொள்ளலாம். கட்டுரையின் செய்முறைப் பகுதிக்கான வாசகத்தைக்கூட மேற்கோள்களோடு சேவையே எழுதித் தந்துவிடுகிறது. ஆய்வு மாணவர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம். அதை ஒரு சொல்கூட மாற்றாமல் அப்படியே ஒட்டிய கட்டுரைகளை அடுத்தடுத்துப் படிக்க நேரும் மதிப்பீட்டாளர்களின் நிலைமை வேறு.

எல்லையோரத்தில் நிற்கும் எண்களுக்கு இச்சேவை தரும் நம்பக இடைவெளியை எல்லாரும் கவனிக்க வேண்டும். டி4 68 என்று வந்து, இடைவெளி 65-இலிருந்து 71 வரை என்றால், 70 அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. அங்கே 'புதியது' என்று அடித்துச் சொல்வது எண்ணியலுக்கு உகந்ததன்று. அத்தகைய நேரங்களில் ஏஎன்ஐ என்னும் சராசரி எழுத்து ஒற்றுமையையும் கணக்கிட்டு, அது 95–96 சதவீத எல்லையின் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். டிஒய்ஜிஎஸ் ஏஎன்ஐயைத் தருவதில்லை. ஈஸிபயோகிளவுடின் கணிப்பானிலோ ஜேஸ்பீசிஸ் இணையத்தளத்திலோ அதைத் தனியாகப் பெற வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஆய்விதழ்கள் இரண்டு எண்களையும் எதிர்பார்க்கும் நிலையில், இது ஒரே இடத்தில் கிடைக்காதது குறைதான்.

இனி, இச்சேவையின் மிகப் பெரிய பலவீனம். அதன் பெயரே சொல்வதுபோல, டைப் ஸ்ட்ரெயின்களின் ஜீனோம்களோடு மட்டுமே அது ஒப்பிடுகிறது. ஒரு சிற்றினம் முறைப்படி பெயர் பெற்றிருந்தும் அதன் டைப் ஸ்ட்ரெயினின் ஜீனோம் இன்னும் வரிசைப்படுத்தப்படவில்லை என்றால், அச்சிற்றினம் இச்சேவையின் கண்ணுக்குத் தெரியாது. நம் கையில் இருப்பது அதே சிற்றினமாகவே இருந்தாலும் 'புதிய சிற்றினமாக இருக்கக்கூடும்' என்ற வாசகமே வரும். கடல் சார்ந்த பேரினங்களில், குறிப்பாக ஜீனோம் காலத்துக்கு முன் விவரிக்கப்பட்டவற்றில், இந்த வாய்ப்பை மறந்துவிடக் கூடாது. எனவே ஈஸிபயோகிளவுடில் 16எஸ் ஒற்றுமை 98.7 சதவீதத்துக்கு மேல் காட்டிய அத்தனை பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் டிஒய்ஜிஎஸ் முடிவுப் பட்டியலில் இருக்கின்றனவா என்று விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். விடுபட்ட பெயர் ஒன்றே ஒன்று இருந்தாலும், அந்த டைப் ஸ்ட்ரெயினைச் சேமிப்பகத்திலிருந்து வரவழைத்து, நம் செலவில் வரிசைப்படுத்தி ஒப்பிடும் வரை முடிவு முடிவாகாது. செலவும் காலதாமதமும் உண்டு என்றாலும் தவிர்க்க வழியில்லை.

இன்னொரு சிக்கல் 16எஸ் மரத்தில். குறு வாசிப்புகளை (சிறு டிஎன்ஏ துண்டுகளின் வரிசைகளை) மட்டும் கொண்டு கோத்த ஜீனோமில், பல பிரதிகளாக இருக்கும் 16எஸ் மரபணு சரியாகக் கோக்கப்படாமல் அறுந்த துண்டாக நிற்பது வழக்கம். அந்தத் துண்டை எடுத்துச் சேவை வரையும் 16எஸ் மரம் நம்பத்தக்கதன்று. அந்த மரபணுவை மட்டும் பிசிஆரில் பெருக்கி, சாங்கர் முறையில் வாசித்துப் பெற்ற முழு வரிசை கையில் இருந்தால், அதை வைத்துத் தனியாக மரம் வரைவதே முறை. ஜீனோமில் உள்ள 16எஸ்ஸும் சாங்கரில் வந்த 16எஸ்ஸும் ஒன்றேதானா என்று ஒப்பிட்டுவிட்டால் குழாய் மாறிப்போன விபரீதங்களும் அப்போதே தெரிந்துவிடும்.

பேரின அளவிலான கேள்விகளுக்கும் இங்கே விடை இல்லை. 70 சதவீத எல்லை சிற்றினத்துக்கானது. 16எஸ் ஒற்றுமை 94 சதவீதத்தை ஒட்டி இருந்து, இது புதிய பேரினமோ என்ற ஐயம் எழுந்தால், டி4 எண் இருபதுகளில் எங்கோ நிற்கும். அந்த ஆழத்தில் அதற்குப் பொருள் எதுவும் இல்லை. அமினோ அமில ஒற்றுமை, பொதுவான புரதங்களின் விகிதம் ஆகியவற்றை வேறு கருவிகளில் கணக்கிட வேண்டும். சேவையின் ஜீனோம் மரம் ஒரு குறிப்பைத் தரும், தீர்ப்பைத் தராது.

வளர்க்கவே முடியாதவற்றுக்கு இச்சேவை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கடல் வண்டலில் வாழும் நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை தட்டில் வளர மறுப்பவை. நமீபியக் கடலோர வண்டலில் கண்டறியப்பட்டு 1999-இல் வெளியுலகுக்குத் தெரியவந்த தியோமார்கரிட்டா, வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியது. ஆயினும் அதன் தூய வளர்ப்பு கிடைக்கவில்லை. ஜப்பானின் நன்காய் அகழியை ஒட்டிய ஆழ்கடல் வண்டலிலிருந்து ஆர்க்கியா (பாக்டீரியாவிலிருந்து வேறான நுண்ணுயிர்ப் பிரிவு) ஒன்றை வளர்த்தெடுக்க இமாச்சி குழுவினர் 12 ஆண்டுகள் போராடி வெற்றி கண்டதை 2020-இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். இத்தகையவற்றுக்குத் தூய வளர்ப்பு இல்லாமல் ஜீனோமையே அடையாளமாக வைத்துப் பெயரிட 2022-இல் சீக்கோட் என்ற தனி விதித்தொகுப்பு வந்திருக்கிறது. வண்டலின் மொத்த டிஎன்ஏவிலிருந்து கோத்தெடுத்த ஜீனோம்களை வைத்திருப்பவர்கள் ஜிடிடிபி என்னும் ஜீனோம் வகைப்பாட்டுத் தரவுத்தளத்தின் பக்கம் போவதே சரி. டிஒய்ஜிஎஸ் அவற்றையும் ஏற்றுக்கொண்டு ஒரு மரத்தை வரைந்து தரும்தான். ஆனால் அவற்றின் நெருங்கிய உறவினர்களில் பலருக்கு டைப் ஸ்ட்ரெயினே இல்லாத நிலையில் அந்த மரம் வெறிச்சோடித்தான் இருக்கும்.

டிஒய்ஜிஎஸ்ஸோடு கைகோத்து நிற்கும் எல்பிஎஸ்என் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரெஞ்சு அறிஞர் ஒய்செபி 1997-இல் தொடங்கிய பெயர்ப் பட்டியல் இது. இப்போது டிஎஸ்எம்இசட் பொறுப்பில் இருக்கிறது. ஒரு பெயர் முறைப்படி வெளியானதா, இன்று சரியான பெயர் எது, எவை அதன் மாற்றுப் பெயர்கள், டைப் ஸ்ட்ரெயின் எந்தெந்தச் சேமிப்பகங்களில் எந்த எண்ணில் இருக்கிறது என்று அனைத்தும் ஒரே பக்கத்தில். 2021-இல் புரோட்டியோபாக்டீரியா சூடோமோனடோட்டா ஆகவும், ஃபெர்மிகியூட்ஸ் பாசிலோட்டா ஆகவும் மாறியபோது குழம்பிப்போன எவரும் இந்தப் பக்கத்தைத் திறக்காமல் கட்டுரை எழுத முடியாது. டிஒய்ஜிஎஸ் முடிவில் வரும் பெயர்கள் இதனோடு இணைக்கப்பட்டிருப்பதால், பழைய பெயரில் தேடி அலையும் வேலை இல்லை. இத்தனை தெளிவான பெயர்ப் பட்டியல் இலவசமாகக் கிடைப்பதை நாம் பெரிதாக எண்ணுவதே இல்லை.

டிஒய்ஜிஎஸ் 'புதியது' என்று சொன்ன பிறகும் ஆய்வாளர் செய்ய வேண்டியவை ஏராளம். கொழுப்பமிலங்கள், குயினோன்கள் (செல்லின் சுவாசத்தில் பங்குபெறும் சேர்மங்கள்), முனைவுறு கொழுப்புகள் ஆகியவற்றை நெருங்கிய டைப் ஸ்ட்ரெயின்களோடு ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில் வளர்த்து ஒப்பிட வேண்டும். ஃபிளேவோபாக்டீரியேசி குடும்பத்தவரென்று ஜீனோம் சொல்லும் திரிபில் எம்கே-6 குயினோனுக்குப் பதில் வேறொன்று முதன்மையாக வந்தால், எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள். உப்பின் அளவு, வெப்பநிலை, அமில-கார நிலை ஆகியவற்றில் வளரும் எல்லைகளும் வேண்டும். இவற்றை வெறும் சடங்கென்று ஒதுக்குபவர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடல்நீர் இல்லாமல் வளராது என்ற ஒற்றைச் செய்தி சாலினிஸ்போராவைப் பற்றிச் சொல்வது எந்தச் சதவீதத்திலும் அடங்காது.

பெயர் செல்லுபடியாவதற்கு, தூய வளர்ப்புகளுக்கான சர்வதேசப் பெயரீட்டு விதித்தொகுப்பின் நிபந்தனையும் இருக்கிறது. 2001 முதல், டைப் ஸ்ட்ரெயினை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள, பொதுமக்களுக்குத் திறந்த இரண்டு சேமிப்பகங்களிலாவது வைத்திருக்க வேண்டும். எவரும் பெற முடியாதபடி பூட்டி வைத்த திரிபு டைப் ஸ்ட்ரெயின் ஆகாது. இந்தியக் கடலோர வண்டலிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் சண்டிகரிலோ புனேயிலோ உள்ள சேமிப்பகத்தில் ஒன்றை வைத்துவிட்டு, இன்னொன்றை ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ அனுப்பும்போது, 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி சென்னையில் இயங்கும் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் நடைமுறைகளையும் நிறைவேற்ற வேண்டும். ஜீனோம் ஒப்பீடு ஒரே நாளில் முடிந்தாலும் இந்தக் காகித வேலை அந்த வேகத்தில் நடப்பதில்லை. ஆகையால் முடிவு கைக்கு வந்ததும் மரத்தை அழகுபடுத்துவதில் நேரத்தைச் செலவழிக்காமல், வைப்புக்கான விண்ணப்பத்தை அன்றே எழுதத் தொடங்கிவிடுவது நல்லது.

யாருக்கு இச்சேவையைப் பரிந்துரைப்பேன் என்றால், தூய வளர்ப்பும், கலப்படமற்ற ஜீனோமும், 16எஸ் முடிவும் கையில் உள்ள எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஜீனோம் இல்லாமல் 16எஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் ஈஸிபயோகிளவுடோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த நிலையில் புதிய சிற்றினம் என்ற பேச்சையே எடுக்க வேண்டியதில்லை. முடிவு வந்தவுடன் அட்டவணைகளையும் மரக் கோப்புகளையும் தேதியோடு சொந்தக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தரவுத்தளத்தில் புதிய டைப் ஸ்ட்ரெயின்கள் தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருப்பதால், கட்டுரையை அனுப்பும் வாரத்தில் அதே ஜீனோமை மீண்டும் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பதும் அவசியம். இடைப்பட்ட மாதங்களில் வேறொரு குழு அதே சிற்றினத்துக்குப் பெயர் வைத்து முடித்திருக்கக்கூடும்.